மேற்குச் சுவரை நிறுத்தினேன், கிழக்குச் சுவரைத் திறந்தேன்

1. முதல் நாள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, குவாரிக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலி டிப்பர் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டேன். டிரைவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபீஸ் வேலைக்கா மேடம்?"

"இல்லண்ணே. குவாரி உள்ள."

அதற்குப் பிறகு வழி முழுக்க அவர் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனம் எனக்குப் பழக்கமானதுதான். அதற்கு முன்பு பல வருஷம் வேறு மாவட்டங்களில் கிரானைட் குவாரிகளில் வேலை பார்த்திருந்தேன். ஹெல்மெட்டும் சுத்தியலும் திசைகாட்டியுமாக ஒரு பொம்பளை பள்ளத்தில் இறங்கினால் முதல் வாரம் வேடிக்கை பார்ப்பார்கள், இரண்டாவது வாரம் சந்தேகம் கேட்பார்கள், அதற்கப்புறம் வேலை நடக்கும். என் சொந்த ஊர் தென்னேரிப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். கல்லூரியில் ஜியாலஜி கிடைத்தது, படித்தேன், பிடித்துப்போனது. சொந்த மாவட்டத்திலேயே வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் வந்துவிட்டேன். ஜியாலஜிஸ்ட் வேலையோடு குவாரியின் பாதுகாப்பும் என் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் பள்ளத்துக்குள் ஆள் இறங்கக் கூடாது என்பது விதி.

எனக்குக் குவாரியைச் சுற்றிக் காட்டியவர் கன்னியப்பன். மேட், அதாவது ஆட்களைப் பிரித்து வேலை கொடுத்து நடத்துகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் டிரில்லர், டிரைவர், ஹெல்பர் எல்லோரும் கேட்பார்கள்.

பள்ளத்தில் இறங்கியதும் மேற்குச் சுவரில் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக இருந்தது.

"இது நைஸ்ண்ணே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நைஸா? டிரில்லு போடறவன கேட்டுப் பாருங்க மேடம், எவ்ளோ நைஸுன்னு சொல்லுவான்."

நானும் சிரித்தேன். அந்தப் பாறையின் பெயரே அதுதான் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

இந்தப் பகுதிக் குவாரிகளில் இரண்டு வகைப் பாறை கலந்து கிடக்கும். ஒன்று சார்னோகைட். நீலம் பாய்ந்த கறுப்பு, எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு, எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரே மாதிரி உறுதி. கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷர்காரர்களுக்கு அதுதான் வேண்டும். இன்னொன்று இந்த நைஸ். இரண்டுமே பூமிக்கு வெகு ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள். நைஸில் அந்த அழுத்தம் தாதுக்களை வரிசைப்படுத்திப் பட்டையாக்கியிருக்கும். இந்தப் பட்டை அமைப்பைத்தான் ஃபோலியேஷன் என்று ஜியாலஜி படிக்கும் பிள்ளைகள் நீங்கள் புத்தகத்தில் படிக்கிறீர்கள். பரீட்சைக்கு அது ஒரு மார்க் கேள்வி. குவாரியில் உங்களோடு வேலை செய்யும் ஆட்களின் உயிர் அந்தப் பட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் இருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கையே ஒருபக்கம் சாய்த்து வையுங்கள். சாய்வு உங்களைப் பார்த்து இருந்தால் மேல் ஷீட் வழுக்கி உங்கள் காலில் விழும். சாய்வு எதிர்ப்பக்கம் இருந்தால் நீங்கள் நாள் முழுக்க அங்கே நிற்கலாம். குவாரிச் சுவரும் அப்படித்தான்.

சாய்வையும் காட்டும் திசைகாட்டியை வைத்து அளந்தேன். மேற்குச் சுவரில் பட்டைகள் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. சுவரையோ கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக வெட்டி வைத்திருந்தார்கள். அதனால் சாயும் பட்டைகளின் அடி முனைகள் சுவரில் வெளியே தெரிந்தன. கீழே முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. எதிரே இருந்த கிழக்குச் சுவரில் அதே பட்டைகள் மலைக்குள்ளே போகிற மாதிரி சாய்ந்திருந்தன.

"இந்த மேற்குப் பக்கம் எப்பவாச்சும் கல்லு தானா விழுந்துக்குதாண்ணே?"

"மயக்காலத்துல சில்லு வுயும். எல்லாக் குவாரிலயும் வுயறதுதான மேடம்."

சாயங்காலம் முதலாளி தணிகாசலத்தைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ளவர். பயிர் செய்துகொண்டிருந்தவர் குவாரியும் கிரஷரும் போட்டு மேலே வந்திருந்தார். கடுமையான ஆள் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அடுத்த ஆர்டர் முடிந்ததும் செய்யலாம் என்பவர். மேற்குச் சுவரை மேலிருந்து படிக்கட்டு போல பெஞ்ச் வெட்டி இறக்க வேண்டும், சுவரின் தலைமேல் கொட்டி வைத்திருக்கும் மண் மேட்டை அகற்ற வேண்டும் என்று நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"செய்வோம்மா. ரோடு ஆர்டர் ஒண்ணு ஓடிக்கினு கீது. அது முடியட்டும், மய வர்றதுக்கு முன்னால செஞ்சிடலாம்."

2. சுவரில் கசிந்த ஈரம்

மழை வந்தது. ஆர்டர் முடியவில்லை.

ஐப்பசி மழை எங்கள் பக்கம் எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கே தெரியும். ஏரிகள் நிரம்பி, வயல் தெரியாமல் தண்ணீர் நின்றது. குவாரியில் பம்ப் போட்டு இறைத்தபடி வேலை நடந்தது.

மழை சற்று விட்ட ஒரு காலை, மேற்குச் சுவரின் கீழ்ப்பாதியில் ஒரே கோடாக ஈரம் கசிவதைப் பார்த்தேன். அந்தக் கோட்டுக்கு மேலேயும் சுவர் காய்ந்திருந்தது, கீழேயும் காய்ந்திருந்தது. கிட்டே போய் விரலால் சுரண்டினேன். காக்காப்பொன், அதாவது மைக்கா. பட்டைகளுக்கு நடுவில் காக்காப்பொன் மட்டுமே சேர்ந்த ஒரு மெல்லிய அடுக்கு, ஊறி ஊறிக் களிமண் மாதிரி ஆகியிருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் சோப்புப் போல வழுக்கியது.

அந்த அடுக்குக்கு மேலே முழுச் சுவரும் உட்கார்ந்திருந்தது. சுவருக்கு மேலே மண் மேடு, அந்த மண்ணுக்குள்ளே மழைத் தண்ணீர்.

அன்றைக்கே அந்தச் சுவரின் அடியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மத்தியானத்துக்கு மேல் அங்கேதான் நிழல் விழும். டிரைவர்கள் முனகிக்கொண்டே இடம் மாறினார்கள். நான் மேலே ஏறிப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பியபோது, ஆபீஸ் ஷெட் வாசலில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் களைக்கொத்து. பெயர் ரோசம்மா. குவாரிக்கு அப்பால் இருக்கும் காலனியைச் சேர்ந்தவர்.

"கல்லுலாம் பாக்கற பாப்பா நீதானா?"

"ஆமாம்மா. இன்னா சொல்லுங்க."

"நாங்க பஸ்ஸுக்குப் போற வயில தரை வாயப் பொளந்துனு கீது. நேத்து இல்ல. இன்னிக்கு வர்றசொல்ல களக்கொத்து காம்ப வுட்டுப் பாத்தேன், முழுசா உள்ள போவுது. பசங்க இஸ்கோலுக்குப் போற வயிமா அது."

அவரையே கூட்டிக்கொண்டு போனேன். சுவரின் விளிம்பு, அதையடுத்து மண் மேடு, மேட்டுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையை ஒட்டி விரிசல் ஓடியது. விரல் நுழையும் அகலம். அது ஓடும் போக்கைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நடுவில் நேராகப் போய், இரண்டு முனையிலும் வளைந்து பள்ளத்தின் பக்கம் திரும்பியது.

மண் காய்ந்து வெடித்தால் விரிசல் இப்படி வளையாது. சுவரும் மேடும் ஒரே துண்டாகக் கழன்று கிளம்பத் தயாராகிவிட்டன என்று அதற்கு அர்த்தம். புத்தகத்தில் டென்ஷன் கிராக் என்று படம் போட்டிருப்பார்கள். படத்தில் இருந்த அதே வளைவு என் கால் முன்னால் கிடந்தது. காலனியில் பாதிப் பேர் அதைக் கடந்துதான் தினமும் பஸ் ஏறுகிறார்கள்.

"ரோசம்மா, இந்தப் பாதைய இன்னிலேர்ந்து யாரும் மிதிக்கக் கூடாது. காலனில சொல்லிடுறீங்களா?"

"சொல்லிடறேன். ஆனா சுத்திக்கினு போனா பஸ்ஸு போயிடுமே பாப்பா. வேற வயி நீதான் காட்டணும்."

"காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை எப்படி நிறைவேற்றுவது என்று அப்போது எனக்குத் தெரியாது.

3. விசில்

கீழே இறங்கி விசில் ஊதினேன். மேற்குச் சுவரடியில் ஏழுமலையின் எக்ஸ்கவேட்டர் லோடு ஏற்றிக்கொண்டிருந்தது. ஏழுமலை வண்டியை ஓட்டுவதில் கெட்டிக்காரன். பக்கெட்டால் தீப்பெட்டியை எடுத்து வை என்றால் வைப்பான். கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"பாதி லோடு மேடம்!"

"பாதியோட போகட்டும். வண்டிய வெளிய எடு."

மேற்குப் பக்கம் முழுவதையும் காலி செய்து சிவப்புக் கயிறு கட்டினேன். அரை மணியில் தணிகாசலத்தின் ஜீப் வந்து நின்றது.

"இன்னாம்மா இது? ரோடுக்காரன் போன் மேல போன் பண்றான். லாரி வரிசைல நிக்குது. விரிசல்னா இந்தப் பக்கம் நெலம் பூரா விரிசல்தான் உடும்."

"சார், மேல வந்து பாருங்க. மழையில ஊறின மண்ணு எப்படி வெடிக்கும்? இது பாறையோட நகருது."

அவர் வந்து பார்த்தார். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு இரும்புக் குச்சிகளை அடித்து, நடுவில் இருக்கும் தூரத்தை டேப்பால் அவர் கண் முன்னாலேயே அளந்தேன். மறுநாள் காலை அவரையே வரச்சொல்லி மறுபடி அளந்தேன். தூரம் கூடியிருந்தது. அவர் முகம் மாறியது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"ஒரு வாரம் இப்படியே வுட்டா நான் காலிம்மா."

"ஆளு உள்ள இருக்கசொல்ல விழுந்தா நாம எல்லாருமே காலி சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற யாரையாச்சும் வெச்சுப் போட்டுக்கறதுன்னா, அவரையும் இந்தக் குச்சியப் பாக்கச் சொல்லுங்க."

தணிகாசலம் ஒப்புக்கொள்ளாமலே ஜீப்புக்கு இறங்கிப் போனார். என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை.

முதலாளியின் கோபத்தைவிட ஆட்களின் கோபம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றாடம் வேலை செய்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். மழை நின்று நல்ல வெயில் அடிக்க ஆரம்பித்தது. சுவர் அப்படியே நின்றது. இரண்டு நாள், மூன்று நாள் போனதும் டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். கன்னியப்பன் நேராகவே வந்து கேட்டார்.

"மேடம், மயயும் நின்னுச்சி. மூணு நாளா ஒரு சில்லு கூட வுயல. ஜனங்க பேஜாராக் கீதுங்க. இன்னும் எத்தினி நாளுக்கு?"

"மழை நின்னுச்சிண்ணே. சுவருக்குள்ள போன தண்ணி இன்னும் வெளிய வரல. குச்சி நடுவுல தூரம் தெனமும் கூடுது. வெயிலப் பாத்து எறக்க மாட்டேன்."

படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். மேலே பெய்த தண்ணீர் பாறையின் வெடிப்பு வழியாக அடியில் இருக்கும் வழுக்கும் அடுக்கைப் போய்ச் சேர நேரம் எடுக்கும். வானம் வெளுத்த பிறகுதான் உள்ளே அழுத்தம் ஏறும்.

4. வெடி வைக்கலாம் என்றவர்

தணிகாசலம் ஒரு வெடி கான்ட்ராக்டரைக் கூட்டி வந்தார். அனுபவசாலி. பெயர் வேண்டாம். சுவரைப் பார்த்ததுமே ஆபத்துதான் என்று ஒப்புக்கொண்டார். வழியும் சொன்னார்.

"ரொம்ப சிம்பிள் சார். அடில ஒரு வரிசை ஹோல் போட்டு வெடி மருந்த சார்ஜ் பண்ணிடலாம். மொத்தமா வந்துடும். ஒரே நாள் வேலை."

தணிகாசலம் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை தெரிந்தது.

"அடில ஹோல் போடறது யாரு சார்?" என்று கேட்டேன். "டிரில்லர் ரெண்டு பேரு சுவருக்கு நேர் கீழ நின்னு மெஷின் ஓட்டணும். அந்த அதிர்வுக்கே அது கிளம்பிடும். அவங்கள அனுப்பச் சொல்றீங்களா?"

கான்ட்ராக்டர் கோபப்படவில்லை. சுவரை இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தார். "அது கரெக்ட்தான். நான் என் ஆளுங்கள அனுப்ப மாட்டேன்" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

"அப்ப இன்னாதான் பண்றது?" தணிகாசலம் கத்தினார்.

"மேலேர்ந்து இறக்கலாம் சார். மொதல்ல தண்ணி உள்ள போறத நிறுத்துவோம். அப்புறம் தலைமேல இருக்கற பாரத்த எடுப்போம். அப்பவும் சுவர் வரும்னா வரட்டும், கீழ ஆளு இல்லாம வரட்டும். ஆனா அதுக்கு ஒரு கண்டிஷன்."

"இன்னா?"

"காலனி ஜனங்களுக்கு வடக்குப் பக்கமா உங்க நிலத்துல வழி விடணும். வேலி போட்டு, நிரந்தரமா."

வெடி கான்ட்ராக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தணிகாசலம் வடக்குப் பக்கம் திரும்பித் தன் நிலத்தைப் பார்த்தார். "உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாதும்மா" என்றார். அன்று சாயங்காலமே வடக்குப் பக்கத்து முள்வேலியைப் பிரிக்கச் சொன்னார்.

5. மேலிருந்து

விரிசலுக்கு மேற்புறம் சின்னதாக ஒரு கால்வாய் வெட்டி, வயல்பக்கத்துத் தண்ணீரைத் திருப்பினோம். விரிசல் மேல் தார்ப்பாய் விரித்து ஓரங்களில் மண் போட்டோம். அது லேசான வேலை.

மண் மேட்டை எடுப்பதுதான் கடினம். எக்ஸ்கவேட்டர் விரிசலுக்குப் பின்னால், கெட்டியான தரையில் நின்றுகொண்டு, கையை நீட்டி அள்ள வேண்டும். அந்தத் தரை கெட்டி என்று யார் சொன்னது? மேலே மண்தான் தெரிகிறது. விரிசலுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு விரிசல் இருந்தால் வண்டியோடு போய்விடும்.

ஏழுமலை அதைத்தான் கேட்டான். "மேடம், நான் ஓட்டறேன். வண்டி நிக்கற எடம் நிக்குமா?"

நல்ல கேள்வி. வண்டியைக் கொண்டுபோவதற்கு முன்னால், ஆட்களை வைத்துக் கடப்பாறையாலும் மண்வெட்டியாலும் வண்டி நிற்கப்போகும் இடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் பறிக்கச் சொன்னேன், பாறை தெரியும் வரை. தெரிந்தது சார்னோகைட். பட்டை இல்லை, காக்காப்பொன் இல்லை. பாறையைக் கழுவிவிட்டு அங்குலம் அங்குலமாகக் குனிந்து பார்த்தேன். ஒரு வெடிப்புக்கூட விரிசலுக்கு இணையாக ஓடவில்லை.

ஏழுமலையையும் உட்காரவைத்துக் காட்டினேன். அவன் சுத்தியலை வாங்கித் தட்டிப் பார்த்தான். கணீரென்றது.

"நீங்க எங்க நிப்பீங்க மேடம்?"

"பக்கெட்டு சுத்தற தூரத்துக்கு வெளிய, உன் கண்ணுக்குத் தெரியற மாதிரி. இதே பாறை மேல. குச்சிய நான் பாத்துக்கினு இருப்பேன். நான் விசில் ஊதினா பக்கெட்ல மண்ணு இருந்தாலும் போட்டுட்டுப் பின்னால வா."

"வண்டிய வுட்டுட்டு ஓடணுமா?"

"வண்டியோட வா. எடம் கெட்டி. அவசரப்பட்டு எகிறிக் குதிக்காத."

அவன் தலையாட்டிவிட்டு ஏறினான்.

முதல் நாள் முழுக்க அள்ளினோம். மேட்டில் பாதி குறைந்தது. குச்சிகளுக்கு நடுவில் தூரம் கூடுவது மட்டுப்பட்டது. என் மனசுக்குள் ஒரு தெம்பு வந்தது. பாரம் குறைந்தால் நகர்வு குறையும் என்பது கணக்கு. கணக்கு சரியாக வேலை செய்வதைக் கண்ணால் பார்ப்பது தனி சந்தோஷம்.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குச் சற்று முன்னால் கீழே சில்லுகள் விழும் சத்தம் கேட்டது. பாறையைச் சுரண்டுகிற மாதிரி, மெல்லிசாக. குச்சிகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டியிருந்த டேப்பைப் பார்த்தேன். காலையில் அளந்ததைவிடத் தூரம் வெகுவாகக் கூடியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குச்சி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

விசில் ஊதினேன்.

ஏழுமலை பக்கெட்டைக் கவிழ்த்தான். கையை மடக்கினான். டிராக்குகள் பின்னால் உருண்டன. அவசரமில்லாமல், தினமும் ஷெட்டுக்குத் திரும்புகிற மாதிரி வந்தான். நான் பள்ளத்தின் எதிர்ப்பக்கம் கைகாட்டினேன். அங்கே நின்றிருந்த கன்னியப்பன் கீழே ஒருவரும் இல்லை என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

முதலில் சத்தமே இல்லை. மிச்சமிருந்த மண் மேடு, சுவரின் விளிம்பு, விளிம்பில் முளைத்திருந்த சீமைக்கருவேலம், எல்லாம் ஒன்றாக முன்னால் நகர்ந்தன. நிலம் தன் இஷ்டத்துக்கு நடந்து போகிற மாதிரி இருந்தது. பிறகுதான் இடி. காலடியில் பாறை அதிர்ந்தது. புழுதி மேலே எழும்பி எங்கள் மேல் கவிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நான் நின்ற இடம் நகரவில்லை.

புழுதி அடங்கியபோது, விரிசல் இருந்த இடத்தில் புதிய விளிம்பு இருந்தது. அதற்குக் கீழே சாய்வான ஒரு பாறைத் தளம், முழுக்கக் காக்காப்பொன், வெயிலில் பளபளவென்று மின்னியது. அத்தனையும் அதன்மேல்தான் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. ஏழுமலை கேபினிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். குடித்தேன்.

தணிகாசலம் எதிர்ப்பக்கத்திலிருந்து சுற்றி வர நேரமானது. வந்து எட்டிப் பார்த்தார். வழக்கமாக எக்ஸ்கவேட்டர் நிற்கும் இடம், டிரைவர்கள் சாப்பிட உட்காரும் இடம், எல்லாம் பாறைக் குவியலுக்கு அடியில் இருந்தன.

"அத்தாண்டதாம்மா நான் ஜீப்ப நிறுத்துவேன்" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. "நிழலாக் கீதேன்னு."

சொல்ல வேண்டியதை எல்லாம் முன்பே சொல்லியிருந்தேன்.

6. கிழக்குச் சுவர்

கதை இதோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் என் வேலையின் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது.

சரிந்த குவியலைத் தொடக் கூடாது, மேற்குப் பக்கம் மேலிருந்து பெஞ்ச் வெட்டி முடிக்கும்வரை மூடியே இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் கிழக்குச் சுவரில் வேலை நடக்கலாம். காலையில் ஷிஃப்ட் போட்டேன். ஒருவரும் இறங்கவில்லை. எல்லோரும் ராம்ப்பின் மேலேயே நின்றார்கள். ராம்ப் என்பது லாரி இறங்கும் சரிவுப் பாதை. கன்னியப்பன் அவர்களுக்கு முன்னால் நின்றார்.

"இன்னாண்ணே?"

"மேடம், நீங்க சொன்ன மேரியே நடந்துச்சி. உங்க மேல எங்களுக்கு மரியாதை கீது. ஆனா நானும் இத்தினி வருசமா அந்தச் சுவரு அடில நின்னவன். எனக்கு ஒண்ணுமே தெரியல. இப்ப இந்தப் பக்கச் சுவரு வுயாதுன்னு எப்டி நம்பறது? புள்ளகுட்டிக்காரனுங்க மேடம்."

தணிகாசலம் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவர் அவசரப்படுத்தவில்லை. அவருக்குமே பயம் இருந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. வேலையை நிறுத்தியபோது என் பக்கம் சட்டம் இருந்தது, விசில் இருந்தது, சிவப்புக் கயிறு இருந்தது. இப்போது அவை எதுவும் உதவாது. பயந்தவர்களை அதிகாரத்தால் பள்ளத்தில் இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. இன்னும் ஒரு மாதம் குவாரியையே மூடிவைத்துவிட்டால் என்னை யாரும் குறை சொல்லமாட்டார்கள். எனக்கு அதுதான் சுலபம். ஆனால் கிழக்குச் சுவர் ஆபத்தானது இல்லை. ஆபத்தில்லாத இடத்தை மூடிவைத்து இத்தனை வீடுகளைப் பட்டினி போடுவதற்கு எனக்குச் சம்பளம் தரவில்லை.

"எல்லாரும் எறங்க வேணாம்ண்ணே. நீங்களும் ஏழுமலையும் மட்டும் என்னோட வாங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

கிழக்குச் சுவருக்கு அழைத்துப் போனேன். சுவரில் ஒரு பட்டையின் வெடிப்பைக் காட்டி, ஏழுமலையிடம் பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றச் சொன்னேன். ஊற்றினான். தண்ணீர் வெளியே வழியவில்லை. உள்ளே இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

"எங்க போவுது?" என்றேன்.

"உள்ளாரப் போவுது."

"ஏன்?"

கன்னியப்பன் குனிந்து பார்த்தார். சுவரில் கை வைத்துப் பட்டையின் சாய்வைத் தடவினார். "இது உள்பக்கமா எறங்குது மேடம்."

"அதான்ண்ணே. அந்தப் பக்கச் சுவர்ல தண்ணி நம்ம பக்கம் வந்துச்சி, கல்லும் நம்ம பக்கம் வந்துச்சி. இங்க கல்லு வழுக்கணும்னா மலைக்குள்ளதான் வழுக்கணும். அதுக்கு உள்ள எடம் கெடையாது."

"அப்ப ஒரு கல்லும் வுயாதா?"

"விழும். பொய் சொல்ல மாட்டேன். மேல லூசா இருக்கற கல்லு ஒண்ணு ரெண்டு விழும். அதுக்குத்தான் ஹெல்மெட்டு. ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்ன தெனமும் மேல ஏறி லூஸ் கல்லத் தட்டி விட்டுட்டுத்தான் ஆளு இறக்குவேன். வெடி போட்டா மறுபடி பாப்பேன். ஆனா சுவர் மொத்தமா சரியாது."

கன்னியப்பன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க கூடப் பொறந்தவன் இங்க ஹெல்பரா வேல செஞ்சான்னா, இந்தச் சுவரு அடில எறக்குவீங்களா?"

"இறக்குவேன்" என்றேன். "அந்தச் சுவர் அடில இறக்க மாட்டேன்."

அவர் இன்னொரு முறை பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு ராம்ப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், வண்டியெல்லாம் எறக்குங்கடா. ஹெல்மெட்டு இல்லாதவன் மேலயே நில்லு."

முதல் டிப்பர் ராம்ப்பில் இறங்கியது. என்னை முதல் நாள் ஏற்றி வந்த அதே டிரைவர்தானா என்று நான் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்குச் சுவரை முறையாகப் படி வெட்டி முடிக்கக் கோடை வரை ஆனது. ரோசம்மாவும் காலனிக்காரர்களும் வடக்குப் பாதையில் நடக்கிறார்கள். பழைய பாதையைவிடக் கொஞ்சம் சுற்று. மழையில் சேறாகிறது என்று அவர் என்னிடம் புகார் சொன்னார். தணிகாசலத்திடம் சொல்லிக் கிரஷர் டஸ்ட், அதாவது கல்தூள், இரண்டு லோடு கொட்ட வைத்தேன்.

குவாரி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆபத்து என்று சொல்லக் கற்றுக்கொள்வது இந்தத் தொழிலில் பாதிதான். எல்லாவற்றுக்கும் கூடாது என்று சொல்கிற ஜியாலஜிஸ்டை மூன்றாவது மழைக்குள் யாரும் மதிக்க மாட்டார்கள். உண்மையான ஆபத்து வரும் நாளிலும் அவர் பேச்சு எடுபடாது. நிறுத்து என்றாலும் இறங்கு என்றாலும், ஏன் என்று கேட்கிறவரைப் பாறைக்குக் கிட்டே கூட்டிப்போய்க் காட்ட உங்களால் முடிய வேண்டும். அப்படிக் காட்ட முடிந்த இடத்தில் தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள். முடியாத இடத்தில் பேனாவைப் பையிலேயே வைத்திருங்கள்.